குடல் அடிக்கும் மணி: இன்சுலினும் இன்க்ரெட்டினும்

1902ஆம் ஆண்டைத் தங்கவயல் மறக்காது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டத்தின்படி, காவிரியின் சிவசமுத்திர அருவியில் உண்டாக்கிய மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடிவந்து நம் சுரங்கங்களை இயக்கத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். செய்தியும் சக்தியும் கம்பி வழியேதான் போகும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. மனித உடலைப் பற்றியும் மருத்துவர்கள் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். நரம்புகளே உடலின் தந்திக் கம்பிகள், ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால் நரம்பு வழியே சொன்னால்தான் உண்டு என்பது அன்றைய கொள்கை.

அந்த நம்பிக்கையை அசைத்ததும் அதே 1902தான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இருவர், ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அந்தக் குடலுக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். கம்பி அறுந்துவிட்டது, இனிச் செய்தி போகாது என்றுதானே எண்ணத் தோன்றும்? ஆனால் கணையம் வழக்கம்போலச் செரிமான நீரைச் சுரந்தது. குடல்சுவரிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து, கணையத்திற்குச் செய்தி கொண்டுபோயிருக்கிறது. அப்பொருளுக்கு அவர்கள் செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். இவ்வகைப் பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பொதுப்பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். தமிழில் இயக்குநீர் என்கிறோம். ஆக, உலகம் கண்டறிந்து பெயரிட்ட முதல் ஹார்மோனே குடலில் பிறந்ததுதான்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். இன்று நம் வீடுகளில் மாத்திரை அட்டையாகவும் ஊசிப் பேனாவாகவும் வந்து நிற்கும் புதிய சர்க்கரை மருந்துகள் பலவும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். குடல் கணையத்திற்குச் சொல்லும் செய்தி என்ன, அது எப்படிப் போகிறது என்று புரிந்துகொண்டால், "எந்த மாத்திரையை எப்போது போடறது, எதை முதல்ல சாப்பிடறது" என்ற அன்றாடக் கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

கணையத்தின் இரண்டு வேலைகள்

இரைப்பைக்குப் பின்புறம் படுத்தவாக்கில் இருக்கும் கணையத்திற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உணவைச் செரிக்கும் நீரைக் குடலுக்குள் விடுவது. மற்றொன்று, இன்சுலினை இரத்தத்தில் விடுவது. 1889இல் ஜெர்மனியில் மிங்கோவ்ஸ்கி, மெரிங் இருவரும் நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தபோது அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் கண்டது. 1921இல் கனடா நாட்டு டொரண்டோவில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 சனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அன்று முதல் சர்க்கரை நோய் என்றால் கணையம், கணையம் என்றால் இன்சுலின் என்று நம் எண்ணம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் செரிமான நீரைச் சுரக்கச் சொல்லிக் கணையத்துக்குக் குடல் செய்தி அனுப்புகிறது என்றால், இன்சுலினைச் சுரக்கச் சொல்லியும் அனுப்பலாம் அல்லவா? 1906இலேயே இங்கிலாந்தின் லிவர்பூலில் குடல்சுவரின் சாற்றைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த லா பார் என்பவர், இன்சுலினைத் தூண்டும் இந்தக் குடற்பொருளுக்கு 1932இல் இன்க்ரெட்டின் என்று பெயரும் வைத்தார். பெயர் இருந்தது. ஆனால் இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழி இல்லாததால் ஆராய்ச்சி அங்கேயே தேங்கியது. 1960இல் அமெரிக்காவின் பெர்சன், ரோசலின் யாலோ இருவரும் கதிரியக்க முறையில் இன்சுலினை அளக்கும் வழியைக் கண்ட பிறகே கதவு திறந்தது. இதற்காக யாலோ அம்மையாருக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாயில் போனதும் நரம்பில் ஏற்றியதும்

"உடம்பு ரொம்ப அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா சரியாப் போயிடும்" என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. 5 சதவீதக் குளுக்கோஸ் உள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ்தான். ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். அதை வாயால் குடித்தாலும் ஒன்றுதான், நரம்பில் ஏற்றினாலும் ஒன்றுதான் என்று நினைப்போம். இன்சுலினைப் பொறுத்தவரை ஒன்றல்ல.

1964இல் விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். குளுக்கோஸை ஒருமுறை வாயாலும், மறுமுறை நரம்பு வழியாகவும் கொடுத்து இன்சுலினை அளந்தார்கள். வாயால் கொடுத்தபோது சுரந்த இன்சுலின் மிக அதிகம். பிற்பாடு இரத்தத்தில் சர்க்கரை இரண்டு முறையும் ஒரே அளவில் ஏறும்படி கவனமாகப் பார்த்துச் செய்த சோதனைகளிலும் இதே முடிவுதான் வந்தது. நலமாக உள்ள ஒருவர் சாப்பிட்ட பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதம் வரை, குடலின் தூண்டுதலால் வருவது என்று இன்று கணக்கிடுகிறார்கள். இதற்கு இன்க்ரெட்டின் விளைவு என்று பெயர்.

மணியும் எஞ்சினும்

சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. கீழே கேஜில் ஆட்கள் ஏறியதும் மணி அடிப்பார்கள். மேலே வைண்டிங் எஞ்சினை ஓட்டுபவர் அந்த மணியைக் கேட்டுத்தான் லீவரில் கை வைப்பார். மணி மட்டும் அடித்தால் கேஜ் மேலே வராது, எஞ்சினுக்குச் சக்தியும் வேண்டும். நம் உடலில் மணி அடிப்பது குடல். எஞ்சின், கணையத்திலுள்ள பீட்டா செல். எஞ்சினை ஓட்டும் சக்தி, இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ்.

மணி அடிக்கும் ஹார்மோன்கள் முக்கியமாக இரண்டு. சிறுகுடலின் மேற்பகுதியில் பெரும்பாலும் பிறப்பது ஜிஐபி. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் மிகுதியாக உள்ள 'எல்' செல்களில் பிறப்பது ஜிஎல்பி-1. இந்த இரண்டாவது ஹார்மோன் இன்சுலினைத் தூண்டுவதை 1987 வாக்கில் ஸ்வெத்லானா மொய்சோவ், ஜோயல் ஹேபனர், யென்ஸ் ஹோல்ஸ்ட் முதலியோர் நிறுவினார்கள். மொய்சோவ், ஹேபனர் ஆகிய இருவருக்கும், அதை மருந்தாக்கிய லோட்டே குனுட்சன் அம்மையாருக்கும் 2024ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது கிடைத்தது.

பீட்டா செல்லுக்குள் நடப்பது இதுதான். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது செல்லுக்குள் புகுந்து எரிந்து சக்தியாகிறது. அந்தச் சக்தி, செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாயிலை அடைக்கிறது. உடனே செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, மூட்டை கட்டி வைத்திருந்த இன்சுலினை வெளியே தள்ளுகிறது. ஜிஎல்பி-1 இந்த வேலையைப் பெருக்கிக் கொடுக்கிறது. சர்க்கரை ஏறாமல் இருந்தால் அது எவ்வளவு மணி அடித்தாலும் இன்சுலின் பெரிதாகச் சுரக்காது. மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு செய்தியை மறக்கக் கூடாது.

ஜிஎல்பி-1 வேறு மூன்று காரியங்களும் செய்கிறது. ஈரலைச் சர்க்கரை வெளியிடத் தூண்டும் குளுகாகான் ஹார்மோனை அடக்குகிறது. இரைப்பையிலிருந்து உணவு குடலுக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது. மூளைக்குப் "போதும்" என்று சொல்லிப் பசியைத் தணிக்கிறது.

நோயில் என்ன கெடுகிறது?

நடுவயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்த இன்க்ரெட்டின் விளைவு வெகுவாகக் குறைந்துவிடுவதை 1986இல் ஜெர்மனியின் மைக்கேல் நவுக் குழுவினர் காட்டினார்கள். அதாவது எஞ்சினும் தேய்ந்திருக்கிறது, மணியோசையும் சரியாக எட்டவில்லை. இரண்டில் ஜிஐபி சொல்வதைப் பீட்டா செல் அநேகமாகக் காதில் வாங்குவதில்லை. ஜிஎல்பி-1ஐக் கூடுதல் அளவில் செலுத்தினால் மட்டும் கேட்கிறது. 1993இல் நோயாளிகளுக்கு ஜிஎல்பி-1ஐத் தொடர்ந்து செலுத்தியபோது அவர்களது வெறும்வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு இறங்கியது.

அப்படியானால் அதையே ஊசியாகப் போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். இரத்தத்தில் உள்ள டிபிபி-4 என்னும் நொதி, ஜிஎல்பி-1ஐ ஏறத்தாழ இரண்டே நிமிடத்தில் பாதியாகச் சிதைத்துவிடும்.

இதற்கு வழி காட்டியது ஒரு பல்லி என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லி உண்டு. அதன் நஞ்சில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்தும் எளிதில் சிதையாத ஒரு பொருளை 1992இல் நியூயார்க் மருத்துவர் ஜான் எங் கண்டார். அதன் செயற்கை வடிவமான எக்ஸெனடைடு 2005இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. பின்னர் தினம் ஒருமுறை போடும் லிராகுளூட்டைடு வந்தது. 2017இல் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூட்டைடு வந்தது. ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் வேலையையும் செய்யும் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது.

மற்றொரு வழி, மணியை அணைக்கும் டிபிபி-4 நொதியைத் தடுத்துவிடுவது. நம் உடம்பிலேயே சுரக்கும் ஜிஎல்பி-1 கொஞ்சம் கூடுதல் நேரம் நிலைக்கும். 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிட்டாகிளிப்டின் இவ்வகை மாத்திரை. வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் ஆகியவையும் இதே குடும்பம். 2022 சூலையில் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தபின் பல கம்பெனிகள் அதைத் தயாரித்து, விலை பெரிதும் இறங்கியது.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

சுரங்கம் ஓடியவரை நோய் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரி 28உடன் சுரங்கம் மூடப்பட்டபின் மருந்துச் செலவு அவரவர் மடியில் விழுந்தது. பிழைப்புக்காக நம் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் இரவில் திரும்புகிறார்கள். எந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது இவர்களுக்கு வெறும் ஏட்டறிவு அல்ல, உயிர்ப் பிரச்சினை.

கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்கிளாசைடு போன்ற மாத்திரைகள் மேலே சொன்ன பொட்டாசிய வாயிலை நேரடியாக அடைப்பவை. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மணியும் கேட்காமல், கேஜில் ஆள் இருக்கிறதா என்றும் பாராமல் எஞ்சினை ஓட்டுவது போலத்தான். இவை மலிவான, நல்ல மருந்துகளே, ஐயமில்லை. ஆனால் விடிகாலையில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, "டிபன் பெங்களூர்ல பாத்துக்கலாம்" என்று ரயிலுக்கு ஓடுகிறவருக்கு வழியில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், தடுமாற்றம் இவை அதன் அறிகுறிகள். வயதான ஒருவர் இப்படித் தள்ளாடினால் "குடிச்சிருக்காரு" என்று சுற்றியிருப்பவர்கள் ஒதுங்கிப் போகும் ஆபத்தும் உண்டு. நினைவோடு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெயர் 'கிளிப்டின்' என்று முடியும் மாத்திரைகளும், குடல் ஹார்மோன் ஊசிகளும் சர்க்கரை ஏறும்போது மட்டுமே இன்சுலினைத் தூண்டுவதால், தனியாகவோ மெட்ஃபார்மினோடோ எடுத்தால் சர்க்கரை தாழும் அபாயம் குறைவு. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்து வருவது நம் நாட்டில் சகஜம். ஆகவே அட்டையைத் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயரைப் பாருங்கள். கிளிமிப்பிரைடு இருந்தால், சாப்பாட்டு நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உடம்பு இளைக்கற ஊசி" என்ற பெயரில் இவை இன்று பேசப்படுகின்றன. எடை குறைவது உண்மை. இருதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு முதலிய ஆபத்துகளைக் குறைப்பதாக 2016இல் லிராகுளூட்டைடு ஆய்வும் காட்டியது. ஆனால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் உண்டு. கொழுப்போடு தசையும் கரையும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். எல்லாவற்றிலும் முக்கியம், இவை இன்சுலின் அல்ல. மணியை எவ்வளவு பலமாக அடித்தாலும் எஞ்சினே இல்லாத இடத்தில் கேஜ் நகராது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்குப் பீட்டா செல்களே அழிந்துபோயிருக்கும். புது ஊசி வந்துவிட்டதென்று அவர்களின் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

தட்டில் எது முதலில்?

காசு கொடுத்து வாங்கும் மணியைப் பற்றிச் சொன்னோம். காசில்லாமல் அடிக்கும் மணியும் உண்டு. பருப்பு, முட்டை, மீன் இவற்றின் புரதம் குடலைத் தொட்டாலே ஜிஎல்பி-1 சுரக்கிறது. கீரை, காய், பயறு இவற்றின் நார்ச்சத்து செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாறி, அங்குள்ள 'எல்' செல்களைத் தட்டி எழுப்புகிறது.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். 2015இல் நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். காயும் இறைச்சியும் முதலில், ரொட்டி கடைசியில் என்று சாப்பிட்ட நாளில், வரிசையை மாற்றிச் சாப்பிட்ட நாளைவிடச் சர்க்கரை கணிசமாகக் குறைவாகவே ஏறியது. உணவு அதேதான், வரிசை மட்டும்தான் வேறு.

நம் ஊர்ச் சமையலில் இதற்கு வசதி உண்டு. "களி சாப்பிட்டா சுகர் ஏறாது" என்பது பாதி உண்மைதான். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆனால் அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். இரண்டு பெரிய உருண்டை களி, இரண்டு தட்டுச் சோற்றுக்கு இளைத்ததல்ல. களியோடு என்ன சேர்கிறது என்பதே கேள்வி. கன்னட அண்டை வீட்டார் செய்யும் பஸ்ஸாறில், கீரையையும் பயறையும் வேகவைத்து, வடித்த நீரைச் சாறாக்கி, வெந்ததைப் பொரியலாகத் தாளிப்பார்கள். அந்தப் பொரியலை முதலில் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஒரு சிறிய உருண்டை களிக்கு வந்தால், களி போய்ச் சேருமுன் குடல் மணி அடித்திருக்கும். குளிர்காலத்து அவரைக்கொட்டை, கொள்ளு, சுண்டல் எதுவானாலும் சரி. சிறுநீரகம் கெட்டவர்கள் மட்டும் பயறின் அளவை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இது புதிய ஞானமும் அல்ல. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், நார்ச்சத்து மிகுந்த நம் நாட்டு உணவையே நோயாளிகளுக்கு வற்புறுத்தினார். சென்னையின் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் நின்றவர்கள் உணவையும் நடையையும் திருத்திக்கொண்டபோது, மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அதற்கு மாத்திரை தேவைப்படவில்லை.

இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, பசியோடு சோற்றுக் குவியலில் கைவைக்கும் பழக்கமும் கவனிக்கத்தக்கது. இரவில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு. மாலையில் ரயிலிலேயே ஒரு பிடி சுண்டலோ வேர்க்கடலையோ தின்றுவிட்டு, வீட்டில் காயை முதலில் வைத்துக்கொண்டு சோற்றைக் குறைப்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் கணக்கிட்டது. விளிம்பில் நிற்பவர்களில் பலருக்கு அது தெரியாது. முப்பது வயதைக் கடந்தவர்களும், பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நோயுள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையோடு கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள், முதல் கவளம் எத்தனை மணிக்கு வாய்க்குப் போகிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதித் தரும் மருந்து அதைப் பொறுத்தும் மாறும்.